நடுங்காத நடுக்குவாதம்

பார்க்கின்சன் நோய்க்குத் தமிழில் நடுக்குவாதம் என்று பெயர். கை நடுங்கினால்தான் அந்த நோய் என்று நம்மில் பலர் நினைப்பதற்கு இந்தப் பெயரே பாதிக் காரணம். ஆனால் இப்படியொரு பெயர் இந்த நோய்க்குப் பொருந்தாது என்று பாரிஸ் மருத்துவர் ஒருவர் சுமார் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். அவர்தான் ழான் மர்த்தேன் ஷார்கோ. நான் மருத்துவம் படித்தவன் அல்ல. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பிரெஞ்சு வழியில் படித்ததால் ஷார்கோ நடத்திய பாடங்களை அவருடைய மொழியிலேயே படிக்க முடிந்தது. அதில் தெரிந்துகொண்டதை என் வயதுக்காரர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

கதை லண்டனில் தொடங்குகிறது. ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் வருவது ஆறே ஆறு நோயாளிகள். அவர்களில் சிலரை அவர் தெருவில் போகும்போது பார்த்திருக்கிறார். கை நடுங்குகிறது, உடல் முன்னோக்கி வளைகிறது, நடை ஓட்டமாக மாறிவிடுகிறது என்று கவனித்து எழுதினார். நோய்க்கு அவர் வைத்த பெயரின் பொருள் 'நடுங்கும் வாதம்'. நூல் வந்த ஏழாவது ஆண்டில் அவர் இறந்துவிட்டார். அவர் நாட்டிலேயே அந்த நூலைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதைத் தூசி தட்டி எடுத்தவர் ஷார்கோ. பாரிஸில் சல்பெத்ரியேர் என்று ஒரு மருத்துவமனை உண்டு. ஒரு காலத்தில் அந்த இடத்தில் வெடிமருந்து செய்துவந்தார்கள். பிறகு பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் அதை ஏழைப் பெண்களை அடைத்துவைக்கும் விடுதியாக மாற்றினார்கள். 1862-இல் ஷார்கோ அங்கே பொறுப்பேற்றபோது ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள். மற்ற மருத்துவர்கள் அங்கே போகத் தயங்கினார்கள். ஷார்கோ அங்கேயே தங்கிவிட்டார். ஒரே நோயாளியை ஆண்டுக்கணக்கில் பார்த்து, எழுந்திருப்பதையும் நடப்பதையும் எழுதுவதையும் குறித்து வைத்துக்கொண்டார்.

அப்படிப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, இது வாதம் அல்ல. நோயாளியின் கையில் வலு இருக்கிறது. அசைவுதான் மெதுவாகிவிட்டது, தசை இறுகிவிட்டது. இரண்டு, நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள். அப்படியானால் 'நடுங்கும் வாதம்' என்ற பெயரின் இரண்டு சொற்களுமே தவறு. ஆகவே முதலில் கண்டு எழுதியவரின் பெயரையே வைத்து 'பார்க்கின்சன் நோய்' என்று அழைப்போம் என்றார். உலகம் ஏற்றுக்கொண்டது. தமிழில் நாம் இன்னும் நடுக்கத்தையும் வாதத்தையும் விடவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். என்னோடு வேலை பார்த்த மேல்நிலை எழுத்தர் அவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அந்த எழுத்து சிறுக்க ஆரம்பித்தது. வரி தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும், முடியும்போது கடுகு கடுகாகிவிடும். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கர்வம் வந்துவிட்டது என்று பேசினார்கள். கோப்புகள் தேங்கின, விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஓய்வு பெற்ற பிறகு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். வலது தோள் பிடித்துக்கொண்டதற்கு இரண்டு ஆண்டுகள் தைலமும் ஊசியும் போட்டார்கள். கை ஒரு நாளும் நடுங்கியதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "வயசானா அப்படித்தானேன்னு விட்டுட்டோம்ண்ணே" என்று அவர் மனைவி பின்னாளில் என்னிடம் சொன்னார். கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். நோய் தெரிந்துவிட்டது. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். மெமோவுக்கான பதிலோ அவருடைய பணிப் பதிவேட்டில் அப்படியே கிடக்கிறது.

நோயை இவ்வளவு நுட்பமாகக் கண்ட ஷார்கோவுக்கும் அதன் இருப்பிடம் கடைசிவரை தெரியவில்லை. இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. அவர் 1893-இல் காலமானார். 1919-இல் அதே பாரிஸில் திரெத்தியாகோஃப் என்ற இளைஞர் தம் ஆய்வேட்டில் விடை சொன்னார். நடுமூளையில் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் நரம்பணுக்கள் அழிந்து நிறம் வெளுத்திருந்தது. அந்த அணுக்கள் டோபமைன் என்ற பொருளைச் சுரக்கின்றன என்பதும், நோயாளிகளின் மூளையில் அது குறைந்திருக்கிறது என்பதும் 1960 வாக்கில்தான் தெரிந்தது. அதை ஈடுகட்ட லெவோடோபா என்ற மருந்தை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்து 1967-இல் கோட்சியாஸ் நல்ல பலன் கண்டார். இன்றும் அதுதான் முதன்மையான மருந்து.

இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்றும் உண்டு. வேலியில் படரும் பூனைக்காலி விதையில் அந்த லெவோடோபா இருக்கிறது. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து ஆய்விதழில் எழுதினார்கள். அது எதற்குப் பயன்படும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டு யாரும் பூனைக்காலிப் பொடியைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். அதில் இருப்பதும் மருந்துதான், ஆனால் அளவு தெரியாத மருந்து. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அளவு கூடிப்போகும்.

அதிரும் இயந்திரங்களை நம்பிப் பணம் கட்டுவதும் வேண்டாம். ரயிலில் நெடுந்தூரம் போனால் உடம்பு லேசாகிறது என்று நோயாளிகள் சொன்னதைக் கேட்டு, ஷார்கோவே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்து பார்த்தார். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் அதுபோன்ற நாற்காலியைச் சோதித்தார்கள். அதிர்வு பெற்றவர்களுக்கும், அதிர்வில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் ஒரே அளவு பலன்தான் தெரிந்தது.

2015-இல் உலக நரம்பியல் நிபுணர்கள் நோயைக் கண்டறிய விதிமுறை வகுத்தார்கள். அசைவு மெதுவாவது கட்டாயம் இருக்க வேண்டும். அதோடு நடுக்கமோ இறுக்கமோ ஒன்று இருந்தால் போதும். ஷார்கோ சொன்னது சட்டமாகிவிட்டது என்றே சொல்லலாம். நோய் தொடங்கும்போது நூற்றில் ஏறக்குறைய முப்பது பேருக்கு நடுக்கம் இருப்பதில்லை.

ஆகவே வீட்டில் உள்ள பெரியவர்களிடம் இவற்றைக் கவனியுங்கள். எழுத்து சிறுக்கிறதா? நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருக்கிறதா? குரல் தணிந்துவிட்டதா? மணம் தெரிவதில்லையா? தூக்கத்தில் கத்துகிறார்களா, கை கால் உதைக்கிறார்களா? நெடுநாள் மலச்சிக்கல் உண்டா? இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் எடுத்துப்போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். தலைசுற்றலுக்கு நாம் மாதக்கணக்கில் சாப்பிடும் சின்னாரிசின் போன்ற சில மாத்திரைகளாலும் இதே அறிகுறிகள் வரும். அப்படியென்று மருத்துவர் கண்டால் மாற்றிக்கொடுப்பார்.

நோய் உறுதியானால் மாத்திரையை மணி தவறாமல் எடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது, அது ஆபத்து. பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவோடு சேர்த்தால் மருந்து ஏறுவது குறையலாம். எத்தனை மணி இடைவெளி என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நடையும் உடற்பயிற்சியும் மருந்துக்கு அடுத்த துணை. கடற்கரைச் சாலையில் காலையில் நடப்பவர்கள், ஒருவர் பின்தங்கினால் அவருக்காகச் சற்று நின்று, ஏன் என்று கேளுங்கள்.