கழலைக் கிருமியும் முடிச்சுக் கிருமியும்

செடிக்குள் வேறோர் உயிரின் மரபணுவைச் சேர்க்க ஆய்வுக்கூடங்கள் பெரிதும் நாடுவது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவை. செடிகளில் கழலை உண்டாக்கும் கிருமி இதுதான் என்று 1907இல் அமெரிக்காவில் ஸ்மித்தும் டவுன்செண்டும் கண்டறிந்தார்கள். காயம்பட்ட செடியிலிருந்து கசியும் ஃபீனால் பொருள்களை உணர்ந்ததும் இது விழித்துக்கொள்ளும். தன்னிடமுள்ள ‘டிஐ’ பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தின் ஒரு துண்டைச் செடியின் உயிரணுவுக்குள் அனுப்பி, அதன் குரோமோசோமிலேயே பதித்துவிடும். அதன்பின் செடி தன் செலவில் கழலையை வளர்த்து, ஓப்பைன் என்ற உணவையும் கிருமிக்குத் தயாரித்துத் தரும். கழலை மரபணுக்களை எடுத்துவிட்டு அங்கே நமக்கு வேண்டியதை வைத்தால், அதையும் அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முடிச்சுக் கிருமியான ரைசோபியம் இதே குடும்பம்தான், பிழைப்பு வேறு. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் முடிச்சுக்குள் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி ஏற்கும் வடிவில் தந்து, ஈடாக உணவு பெறுகிறது. நம் உழவர்கள் ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து உளுந்து, கடலை விதைகளை நேர்த்தி செய்வது இதைக் கொண்டுதான். செடியின் குரோமோசோமில் கைவைக்கும் வழக்கம் இதற்கில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு ஆழமானது? 1977இலேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹூய்காஸ் குழுவினர் டிஐ பிளாஸ்மிடை ரைசோபியத்துக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். செடிக்கு நண்பனான அதுவும் கழலை உண்டாக்கியது. மரபணுவைக் கடத்தும் திறனில் பெரும்பங்கு பிளாஸ்மிடில்தான் இருக்கிறது. மீதிக்கு வேண்டியவை உறவுக் கிருமிகளிடமும் இருக்கின்றன. இவ்வளவு பெரிய செய்தி பயிர் ஆய்வில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய பயனற்றுக் கிடந்தது எனக்கு வருத்தமே.

அதைத் தட்டி எழுப்பியது காப்புரிமை நெருக்கடி. வைட்டமின் ஏ சத்துக்காக மரபணு மாற்றப்பட்ட பொன்னரிசியை உருவாக்கிய வழிமுறைகளை 2000இல் அலசியபோது சுமார் 70 காப்புரிமைகள் அதனோடு தொடர்புடையவை எனத் தெரிந்தது. அக்ரோபாக்டீரிய முறைகளைச் சுற்றியும் அத்தகைய வேலிகள் அடர்ந்திருந்தன. ஆய்வு செய்யத் தடையில்லாத பொது நிறுவனம்கூட, விதையை உழவரிடம் கொடுக்கும் கட்டத்தில் தயங்கி நிற்கும். ஆஸ்திரேலியாவின் கான்பராவில் இயங்கிய ‘காம்பியா’ நிறுவனத்தின் ரிச்சர்ட் ஜெஃபர்சன் குழு 2005இல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டது. கழலை நீக்கிய டிஐ பிளாஸ்மிடை மூன்று முடிச்சுக் கிருமிகளில் ஏற்றி, புகையிலை, நெல், அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடி ஆகியவற்றில் மரபணுவைச் சேர்த்துக் காட்டினார்கள். மூன்றில் ஒன்றான என்ஜிஆர்234, பப்புவா நியூகினியில் மொச்சை இனச் செடியின் வேர்முடிச்சிலிருந்து எடுக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட செடிப் பேரினங்களோடு உறவாடக்கூடியது. முறையை யாரும் பயன்படுத்தலாம், ஆனால் கருவியில் செய்யும் மேம்பாடுகளை மற்றவர்களுக்கு அடைக்கக் கூடாது என்பதே அவர்கள் வைத்த நிபந்தனை.

வேலைத்திறனை மட்டும் பார்த்தால் அக்ரோபாக்டீரியமே முன்னணியில் நிற்கிறது. பல பத்தாண்டுகளாக மெருகேற்றப்பட்ட அதன் வெற்றி விகிதத்தை முடிச்சுக் கிருமிகள் எட்டவில்லை. நாளைக்கே நெல்லில் ஒரு மரபணுவைச் சேர்க்க வேண்டுமானால் நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனாலும் கான்பராச் சோதனையை வெற்றி விகிதத்தால் மட்டும் எடைபோடுவது அநியாயம். ஒரே கிருமியை நம்பியிருந்த துறைக்கு, பணமில்லாத ஆய்வுக்கூடமும் நுழையக்கூடிய இரண்டாவது வாசலை அது திறந்தது. அந்த வழியில் பின்னர் அயர்லாந்து ஆய்வாளர்கள் என்சிஃபர் அதேரன்ஸ் என்ற இன்னொரு மண் பாக்டீரியாவைக் கொண்டு உருளைக்கிழங்கிலும் மரபணுவைச் சேர்த்தார்கள்.