வாடாவும் ரோலும்: இறால் எவ்வளவு, மாவு எவ்வளவு?

நோன்பு மாதத்து மாலைகளில் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கஞ்சிக்குத் துணை இறால் வாடா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து துரித உணவுக் கடைகள் சிலவற்றில் சிக்கன் ரோலோடு இறால் முட்டை ரோலும் பட்டியலில் ஏறிவிட்டது. இரண்டும் மாவுக்குள் இறாலை வைத்து எண்ணெய் காட்டி எடுப்பவைதான். ஆனால் காவிரி டெல்டாக்காரர்களிடம் கேட்டால் தீர்ப்பு உடனே வந்துவிடும்: வாடா நம்ம ஊர் அரிசி, உடம்புக்கு நல்லது, ரோல் மைதா, குப்பை. இந்தத் தீர்ப்பு கணக்கில் நிற்கிறதா என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வு.

வாடாவின் பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும். அடிப்படை ஒன்றுதான். அரிசி மாவைக் கெட்டியாகப் பிசைந்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் மசாலாவும் சேர்த்து வதக்கிய இறாலை நடுவில் வைத்து மூடுகிறார்கள். மேலே ஒரு முழு இறாலை வாலோடு அழுத்திப் பதிப்பதும் உண்டு. எண்ணெயில் போட்டதும் அந்த இறால் வளைந்து சிவக்கும். விளிம்பு மொறுமொறுப்பாகும், நடுப்பகுதி மெத்தென்றே இருக்கும். வாங்குபவர் கண் முதலில் போவது மேலே இருக்கும் அந்த ஒற்றை இறாலின் மேல்தான். உள்ளே எத்தனை இருக்கிறது என்பது கடித்த பிறகுதான் தெரியும்.

ரோல் கல்கத்தா வழி வந்தது. அங்கே நிஜாம் உணவகத்தோடு சேர்த்துப் பேசப்படும் காத்தி ரோலின் தூரத்து உறவு. தோசைக்கல்லில் மைதா ரொட்டியைப் போட்டு, மேலே முட்டையை உடைத்து ஊற்றிப் பரப்பி, திருப்பிப் போட்டு, இறால் மசாலாவும் பச்சை வெங்காயமும் வைத்துச் சுருட்டிக் காகிதத்தில் பொதிந்து கொடுக்கிறார்கள். அமெரிக்கச் சீன உணவகங்களில் விற்கும் எக் ரோல் வேறு சாதி. கோதுமை மாவுத் தாளுக்குள் முட்டைக்கோசும் இறாலும் அடைத்து, முழுக்க எண்ணெயில் பொரிப்பது. நம்மூர் ரோலில் முட்டை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த ஒப்பீட்டில் அந்த முட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

முதலில் இறால். பதப்படுத்தாத பச்சை இறால் நூறு கிராமில் புரதம் ஏறக்குறைய 20 கிராம். கொழுப்பு ஒன்றிரண்டு கிராமைத் தாண்டாது. கலோரி 85 அளவில். அரிசியிலும் மைதாவிலும் இல்லாத பி12 இதில் கிடைக்கிறது. செலினியமும் அயோடினும் உண்டு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உறைய வைத்து விற்கும் இறாலில் தண்ணீர் தங்குவதற்காகப் பாஸ்பேட் கரைசல் சேர்ப்பது உலகெங்கும் வழக்கம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் சேர்க்காத இறாலுக்கு 20 கிராம் புரதம், சோடியம் 119 மில்லிகிராம். சேர்த்திருக்கக்கூடிய இறாலுக்குப் புரதம் 13.6 கிராம்தான், சோடியமோ 566 மில்லிகிராம். மல்லிப்பட்டினத்திலோ நாகையிலோ கரையில் வாங்கி, தலை கிள்ளி, ஓடு உரித்து, முதுகில் ஓடும் கறுப்புக் குடலை இழுத்துப் போட்டால் கிலோவுக்கு ஏறத்தாழ அரைக் கிலோதான் தேறும்; ஆனால் தேறியது முழுக்க இறால். உறைந்த பொட்டலத்தில் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

இனி மாவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையில் தீட்டிய அரிசிக்கு நூறு கிராமுக்குச் சுமார் 356 கலோரி, புரதம் 8 கிராம். மைதாவுக்குச் சுமார் 352 கலோரி, புரதம் 10 கிராம். நார்ச்சத்து இரண்டிலும் மூன்று கிராமுக்குள். மைதாவைத் திட்டி அரிசிக்குப் பரிவட்டம் கட்டுகிறவர்கள் இந்த இரு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வாடா நல்லது என்பதைத் தவிர, மாவை வைத்து வாடாவை உயர்த்த வழியில்லை.

ஓர் உத்தேசக் கணக்கு போடுவோம். கனமான ஒரு வாடாவுக்கு அரிசி மாவு 40 கிராம், இறால் 25, வெங்காயம் 20, தேங்காய் 10, பொரிக்கும்போது வாடா குடிக்கும் எண்ணெய் 8 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 285 கலோரி, 9 கிராம் புரதம் வருகிறது. இறாலால் வந்த கலோரி வெறும் 21. மிச்சம் முழுக்க அரிசியும் எண்ணெயும் தேங்காயும்தான். ரோலுக்கு மைதா 60 கிராம், ஒரு முட்டை, இறால் 40, கொஞ்சம் வெங்காயம், எண்ணெய் 12 கிராம் என்றால் 430 கலோரி, 21 கிராம் புரதம். ஒரு வாடாவோடு யார் நிறுத்துகிறார்கள்? இரண்டு வாடா 570 கலோரி, 18 கிராம் புரதம். கலோரியில் ரோலைத் தாண்டியும் புரதத்தில் ரோலை எட்டவில்லை.

கடைக்காரர் இறாலைப் பாதியாகக் குறைத்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஒரு வாடாவின் புரதம் ஆறரைக்கு, இரண்டின் புரதம் 13-க்கு இறங்கும். முட்டை தாங்கிப் பிடிப்பதால் ரோல் 17-ல் நிற்கும். இறாலின் பேரில் விற்றாலும் ரோலின் புரதத்தில் ஏழு கிராம் வரை முட்டையின் உபயம்.

முட்டை என்றதும் கொலஸ்ட்ரால் பயம் வரும். மேற்சொன்ன வாடாவில் அது 40 மில்லிகிராம் அளவில். ரோலில் இறாலும் முட்டையும் சேர்ந்து 250 அளவில். நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தக் கொழுப்பு சரியாக இருந்தவர்கள் நாளுக்கு 300 கிராம் இறால் சாப்பிட்டபோது கெட்ட கொழுப்பு 7 விழுக்காடு கூடியது, நல்ல கொழுப்பு 12 விழுக்காடு கூடியது, டிரைகிளிசரைடு குறைந்தது. ஏற்கெனவே கொழுப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் இறாலைக் கண்டு மிரள வேண்டியதில்லை. அந்த ஆய்வு இறாலைப் பற்றியது, எண்ணெயைப் பற்றியது அல்ல.

   

எண்ணெயின் தரத்தில் வாடாவுக்குத் தோல்வி இன்னும் பெரிது. ரோல் கல்லில் தேய்த்த எண்ணெயோடு முடிந்துவிடும். வாடா சட்டியில் முங்கி எழ வேண்டும், அந்தச் சட்டி எத்தனையாவது ஈடு காண்கிறதோ! திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி; 2018 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. சாலையோரத்தில் அதை அளப்பவர் இல்லை. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

ருசியில் என் ஓட்டு வாடாவுக்குத்தான், சத்தில் ரோலுக்கு. கஞ்சியோடு ஒரு வாடா போதும். ஒரு வேளைப் பசிக்குக் கடையில் எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ரோலே மேல். வீட்டில் வாடா செய்கிறவர்கள் மாவை மெல்லியதாகத் தட்டி, இறாலை இரட்டிப்பாக்குங்கள். 50 கிராம் இறால் வைத்தால் ஒரு வாடாவிலேயே 14 கிராம் புரதம் கிடைத்துவிடும்.