கனடாவிலிருந்து வந்த ரெக்கோட் பிளேயரும் மாறிப்போன குரலும்: வெளி வலு வழங்கி பற்றிய ஒரு வழிகாட்டி

பாசிக்குடாக் கடற்கரைக்குப் பக்கத்தில், கல்குடாவில் என் பெரியப்பா வசிக்கிறார். வாழைச்சேனை காகித ஆலையில் வேலை செய்தவர். 1990 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த ரெக்கோட் பிளேயரை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஓடினார்கள். மட்டக்களப்பு நகரில் உறவினர் வீட்டில் இருந்த ஒரு பெட்டி இசைத்தட்டுகள் மட்டும் தப்பின. இன்று அவற்றில் 11 மிஞ்சியிருக்கின்றன.

அதே ஆண்டில் பெரியப்பாவின் மூத்த மகன் காணாமல் ஆக்கப்பட்டார். அண்ணாவின் குரல் பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. அவர் சேர்ந்து பாடுகின்ற கே.பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டு ஒன்று மட்டும் இருக்கிறது.

ரொறன்ரோவில் இருக்கும் மாமி, தான் பாவித்த பிளேயர் ஒன்றை அனுப்பினார். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். ஆகவே ஒரு ரான்ஸ்போமர் வாங்கிப் பொருத்தினேன். தட்டு சுழன்றது, பாட்டும் வந்தது. பெரியப்பா ஒரு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது சுந்தராம்பாளுட குரல் இல்ல மனே."

அவர் சொன்னது சரி. புலம்பெயர்ந்த உறவினர்கள் அனுப்பும் பழைய பிளேயர்களை வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பிரச்சினை வரலாம் என்பதால், நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குரல் ஏன் மாறுகிறது?

பழைய பிளேயர்கள் பலவற்றில் இருப்பது ஆடலோட்ட மோட்டர். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் மீடிறன். கனடாவில் அது 60 ஹேர்ட்ஸ், இலங்கையில் 50. ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர மீடிறனை மாற்றாது. எனவே நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழல வேண்டிய தட்டு, இங்கே ஏறக்குறைய 27.8 தடவைதான் சுழலும். சுருதி மூன்று அரைச்சுரங்களுக்கு மேல் இறங்கிவிடும். ஐந்து கட்டையில் பாடியது மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே கேட்கும். இங்கிருந்து கனடாவுக்குக் கொண்டுபோன பிளேயர் இதற்கு மாறாக நிமிடத்துக்கு 40 தடவை ஓடும்.

வடக்கில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் கசற் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிக்கிறவர் களைத்தால் பாடுகிறவரின் குரலும் இழுபடும். வெளி வலு வழங்கி என்பது களைக்காமல் ஒரே சீராக மிதிக்கும் ஒருவரைப் போன்றது.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பிளேயரின் பின்பக்கத்திலோ அடப்டரிலோ உள்ள விபரத்தை வாசியுங்கள். அடப்டரின் வெளியீடு நேரோட்டம் (டிசி) என்றிருந்தால் மீடிறன் பிரச்சினை இல்லை. 230 வோல்ட்டை ஏற்கும் சரியான அடப்டர் போதும். வெளியீடு ஆடலோட்டம் (ஏசி) என்றிருந்தால், அது 16 அல்லது 24 வோல்ட் ஆனாலும், பெரும்பாலும் இந்தப் பிரச்சினை உண்டு. ரெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற, குவாட்ஸ் பளிங்கால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் நேரடி மோட்டர் பிளேயர்களுக்கு வேகம் சம்பந்தமாக எதுவும் செய்யத் தேவையில்லை.

அடுத்து வேகத்தை அளவுங்கள். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை ஒட்டிச் சுற்றுகளை எண்ணுங்கள். 100 சுற்றுக்கு 180 விநாடி எடுத்தால் சரி. எங்கள் வீட்டில் 216 விநாடி எடுத்தது.

பிளேயரோடு வந்த கோடு போட்ட வேகம் பார்க்கும் தட்டை நம்பி நானும் ஏமாந்தேன். 60 ஹேர்ட்ஸுக்கான தட்டில் 216 கோடுகள் இருக்கும். இங்குள்ள மின்விளக்கின் கீழ், பிழையான வேகத்திலும் அந்தக் கோடுகள் அசையாமல் நிற்கும். மோட்டரும் விளக்கும் ஒரே மின்சாரத்தில் ஓடுவதே காரணம். மணிக்கூடு பொய் சொல்லாது.

தீர்வுகள்

செலவு குறைந்த வழி, மோட்டரின் தண்டில் உள்ள கப்பியை மாற்றுவது. 50 ஹேர்ட்ஸுக்கான கப்பியின் விட்டம் 20 வீதம் பெரிதாக இருக்கும். எங்கள் மாதிரிக்கு அது கிடைக்கவில்லை.

இரண்டாவது வழிதான் வெளி வலு வழங்கி. இது வீட்டு மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்குகிறது. பிறகு குவாட்ஸ் பளிங்கின் துணையோடு சரியாக 60 ஹேர்ட்ஸ் சைன் அலையை உருவாக்கி, அதைப் பெருக்கி மோட்டருக்குக் கொடுக்கிறது. ஸ்கொட்லாந்தின் லின் நிறுவனம் 1990 இல் வெளியிட்ட லிங்கோ இந்த வகையைச் சேர்ந்தது. பட்டியைக் கையால் மாற்றாமலேயே 45 வேகத்துக்குப் போகலாம் என்பது இன்னொரு வசதி; மீடிறனை 81 ஹேர்ட்ஸாக உயர்த்தினால் போதும்.

50 ஹேர்ட்ஸ் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். சிறிய மின்பிறப்பாக்கிகளில் சுமை கூடும்போது மீடிறன் தளர்ந்து பாட்டும் தளரும். சைன் அலை தராத மலிவான இன்வேர்ட்டர்களில் மோட்டர் இரையும். வலு வழங்கி இருந்தால் இரண்டும் குறையும்.

வாழைச்சேனையில் மின்னணுப் பொருட்கள் திருத்தும் தம்பி ஒருவர் எங்களுக்கு ஒன்று செய்து தந்தார். அது 12 வோல்ட் பற்றரியிலும் ஓடும். மோட்டருக்குச் சில வாற்று வலுவே தேவை. மொத்தம் 10 வாற்று என்று வைத்தாலும், 40 அம்பியர் மணி பற்றரியின் பாதியில் பிளேயர் 20 மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். அம்பிளிபயருக்கு வேறாக வலு வேண்டும்.

இந்தப் பெட்டியிலிருந்து வருவதும் உயிராபத்தான 120 வோல்ட் மின்சாரம். அனுபவம் உள்ளவர்களைக் கொண்டே செய்வியுங்கள், நிலத்தொடுப்பு கட்டாயம். கடலோர வீடுகளில் உப்புக்காற்று இணைப்புகளை அரிப்பதால் பெட்டியை மூடி வையுங்கள்.

பதிவு செய்யும் முன்

மிஞ்சிய இசைத்தட்டுகளைத் தொலைபேசியிலோ கணினியிலோ பதிவுசெய்து உறவினர்களுக்கு அனுப்புகிறோம். அதற்கு முன்பு 100 சுற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு தடவை பிழையாகப் பதிந்தால், பிள்ளைகள் அதுதான் உண்மையான குரல் என்று நினைத்துவிடுவார்கள். 27.8 வேகத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தால், கணினியில் சுருதியும் சேர்ந்து உயரும்படி வேகத்தை 1.2 மடங்காக்குங்கள். இசைத்தட்டு இன்னும் இருக்குமானால் மறுபடி பதிவதே நல்லது.

வலு வழங்கி வந்த அன்று மாலை, 100 சுற்று 180 விநாடியில் முடிந்தது. பெரியப்பா அதே இசைத்தட்டைப் போடச் சொன்னார். முடிந்ததும் ஊசியை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து வைத்தார். அண்ணா எந்த இடத்தில் சேர்ந்து பாடத் தொடங்குவார் என்று அன்றுதான் எங்களுக்குக் காட்டினார்.