கொலம்பியா கருத்தரங்கில் ஒரு மாணவரின் உரை

மாணவர் அமைப்புகள் மானுடவியல் ஆய்வுரைகளுக்கு ஏற்பாடு செய்யும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது ஒரு மாணவரின் உரையே. 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையை வாசித்தார். அவர் அங்குப் பயின்ற முதன்மைப் பாடம் பொருளாதாரம்.

சாதியைப் பற்றி அன்று எழுதியோர் பெரும்பாலும் அதை வெளியிலிருந்தோ மேலிருந்தோ நோக்கியவர்கள். ரிஸ்லி மூக்கை அளந்து அதில் இனத்தைக் கண்டார். நெஸ்ஃபீல்டு தொழிலில் அதன் வேரைத் தேடினார். அம்பேத்கரோ, சாதிக்கே உரிய ஒரே தனித்தன்மை அகமணம் என்றார்.

அவரது தருக்கம் எளியது, கொடியதொன்றைத் திறந்து காட்டுவது. குழு தனக்குள்ளேயே மணம் முடிக்க, ஆண் பெண் எண்ணிக்கை ஈடாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘மிகை’ ஆகிறாள். அவள் வெளியே மணந்தால் எல்லை உடையும். உள்ளே மணந்தால் மணமாகாத பெண்ணுக்குரிய ஆண் குறைவான். ஆகவே உடன்கட்டை, அல்லது கட்டாயக் கைம்மை. மனைவியை இழந்த ஆணை எரிக்க எவரும் துணியார். அவனுக்கோ இன்னும் மணப்பருவம் எய்தாத சிறுமி.

கட்டுரை 1917 மே மாதம் ‘இந்தியன் ஆன்டிகுவாரி’ இதழில் வெளிவந்தது. தீண்டாமையைப் பற்றி அது ஏறத்தாழ எதுவும் பேசவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அதன் தோற்றத்தை ஆராயும் அவரது நூல் 1948இல்தான் வந்தது. ஆயினும், ஆணவக் கொலையைக் ‘குடும்ப மானம்’ என்று ஏற்காமல் அகமணத்தின் காவலாக ஆராய முனையும் மாணவர் முதலில் புரட்ட வேண்டியது இக்கட்டுரையையே.