ஐஸ் ஹவுஸ்: மாறியதால் நிலைத்த கட்டடம்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் வட்ட முகப்புக் கட்டடம், சுற்றுவட்டார மக்களின் பேச்சில் இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான். அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் 1842இல் அதைப் பனிக்கட்டிக் கிடங்காகக் கட்டினார். மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த நீரைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றுவார்கள். மாதக்கணக்கில் கடல் கடந்தும் உருகாமல் மிஞ்சியது இங்கே தடித்த சுவர்களுக்குள் அடுக்கப்பட்டு விற்பனையாகும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த இத்தகைய கிடங்குகள் இன்று இல்லை. சென்னைக் கிடங்கு பிழைத்ததற்குக் காரணம், ஒரு வேலை முடிந்தபோதெல்லாம் அதற்கு இன்னொரு வேலை கிடைத்ததுதான்.

இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் டியூடரின் வணிகம் படுத்துவிட்டது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, காற்றோட்டத்துக்குத் தாழ்வாரமும் சன்னல்களும் அமைத்துக் குடியிருக்கும் வீடாக்கினார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் தங்கியது இங்கேதான். அடுத்த மாதமே சென்னைக்கு வந்த துறவி ராமகிருஷ்ணானந்தர், தென்னாட்டில் ராமகிருஷ்ண மடத்தின் பணியை இங்கிருந்து வளர்த்தார். 1917இல் அரசு கட்டடத்தைக் கையகப்படுத்தியது. பிறகு, தாமே பால்ய விதவையாக இருந்து பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமியின் விடுதி இங்கே இயங்கியது. வீட்டின் மூலையில் ஒடுங்கியே காலம் கழிக்க வேண்டியிருந்த இளம் விதவைகள் இங்கே தங்கிப் படித்தார்கள். ஆசிரியைகளாகச் சொந்தக் காலில் நின்றார்கள்.

இத்தனை மாற்றங்களுக்குப் பின் பழைய கிடங்கில் என்ன மிச்சம், இதை எப்படித் தொன்மைச் சின்னம் என்பது என்று கேட்கலாம். சன்னல் திறக்காமல் விட்டிருந்தால் கிடங்கின் வடிவம் முழுதாக இருந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஆளில்லாத கிடங்கை யாரும் பேணியிருக்க மாட்டார்கள். இங்கே மாற்றமே பாதுகாப்பாக அமைந்தது; திறந்த ஒவ்வொரு சன்னலும் வரலாற்றுச் சான்றுதான். விவேகானந்தர் தங்கிய பெருமை ஒன்றே போதாதா என்பது இன்னொரு கேள்வி. 1963இல் அவர் பெயர் சூட்டியதும், 1997இல் பொறுப்பேற்ற ராமகிருஷ்ண மடம் அங்கே அவரது வாழ்வைக் காட்சிப்படுத்துவதும் பொருத்தமே. ஆயினும் ஒரு துறவியின் ஒன்பது நாளை நினைவில் வைக்கும் சுவர்களுக்கு, விதவைப் பெண்கள் படித்த ஆண்டுகளையும் சொல்லும் கடமை உண்டு. பனிக்கட்டி வணிகர், வழக்கறிஞர், துறவியர், மாணவியர் ஆகிய எல்லோரையும் பதிவு செய்யும்போதுதான் அந்தக் கட்டடத்தை நாம் முழுமையாகக் காப்பாற்றியவர்களாவோம்.