பொட்டி ஏன் எழுந்திருக்கலை? – கொஞ்சம் வரலாறு

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. மும்பையில்தான் பண்டிகை என்று ஆனபிறகு, நாலு நாள் லீவில் சும்மா இருக்க முடியுமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புது உயிர் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். லாமிங்டன் ரோடு போய் மதர்போர்டு, பிராசஸர், மெமரி, கிராஃபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, புதுசாக ஒரு எஸ்.எஸ்.டி. எல்லாம் வாங்கியாச்சு. கேபினட்டும் ஹார்ட் டிஸ்க்கும் மட்டும் பழசு.

ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்விட்சை அமுக்கினேன். ஃபேன் சுத்துது, விளக்கு எரியுது, திரை மட்டும் கும்மிருட்டு. தங்கமணி எட்டிப் பார்த்து, "நல்லா ஓடிட்டிருந்ததை ஏங்க நோண்டினீங்க?" என்றார். அதுகூடப் பழகின கேள்வி. பொண்ணு கேட்டதுதான் வயிற்றைப் பிசைந்தது: "அப்பா, தாத்தா பேசினதெல்லாம் அதுலதானே இருக்கு?"

2011-ல் கும்பகோணம் போயிருந்தபோது அப்பாவை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எடுத்த மூன்று மணி நேர ரெக்கார்டிங். அடுத்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆபீஸில் பேக்கப் எடுத்தாச்சா என்று எல்லோரையும் விரட்டுகிற அடியேன், அந்தக் குரலுக்கு இன்னொரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

அந்த ராத்திரி எனக்குக் கைகொடுத்தது கம்ப்யூட்டர் அறிவு இல்லை. நான் படித்தது பி.காம். எப்போதோ படித்த கொஞ்சம் வரலாறுதான் கைகொடுத்தது. ஸ்விட்சை அமுக்கியதும் பொட்டி எதை முதலில் பார்க்கும், எதைக் கடைசியில் பார்க்கும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை ரொம்பப் பழசு.

1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது. 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இன்டெல் 8088 பிராசஸர், குறைந்தபட்சம் 16 கிலோபைட் மெமரி, 63.5 வாட் பவர் சப்ளை. போர்டில் இருந்த சிப்பில் பயாஸ் என்று ஒரு சின்ன புரோகிராம். கரண்ட் வந்ததும் அது முதலில் பிராசஸரையும் மெமரியையும் சோதிக்கும். அப்புறம் திரை, கீபோர்டு. எல்லாம் சரி என்றால் ஒரே ஒரு 'பீப்'. டிஸ்க் பக்கம் திரும்புவது அதற்கும் பிறகு. டிஸ்க் டிரைவே இல்லாமல்கூட அந்த மெஷின் எழுந்து, சிப்பிலேயே இருந்த பேசிக் மொழியைத் திறந்து காட்டும்.

பேங்கில் காலையில் ஸ்ட்ராங் ரூம் திறப்பது மாதிரிதான். இரண்டு பேர் இரண்டு சாவி போட வேண்டும், கேஷை எண்ண வேண்டும், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் கவுண்டர். ஒரு சாவிக்காரர் வரவில்லை என்றால் கவுண்டர் திறக்காது. அதற்காக உள்ளே இருக்கும் பணம் போய்விட்டது என்று அர்த்தமில்லையே!

இப்போது வரும் பல போர்டுகளில் பீப் சத்தம் போடும் ஸ்பீக்கரே கிடையாது. அதற்குப் பதிலாக ஓரத்தில் நாலு குட்டி விளக்குகள் இருக்கும்: பிராசஸர், மெமரி, திரை, டிஸ்க். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். டார்ச் அடித்துப் பார்த்தேன். மெமரி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "தாத்தா பத்திரமா இருக்கார்மா. இது இன்னும் டிஸ்க் பக்கமே போகலை" என்றேன். பொண்ணு தூங்கப் போனாள்.

இனி கொஞ்சம் கொசுவத்தி. நம்மை மாதிரி ஆட்கள் புது பார்ட் போட்டு விழிப்பது நேற்று வந்த வியாதி இல்லை. 1981 மாடலில் மெமரியைக் கூட்டினால், போர்டில் இருக்கும் பொடிப்பொடி ஸ்விட்சுகளையும் அதற்கேற்ப மாற்றி வைக்க வேண்டும். எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதை நாம்தான் மெஷினுக்குச் சொல்ல வேண்டும். 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. மாடலில் இந்த விவரங்கள் பேட்டரியில் உயிர் வாழும் ஒரு சிப்புக்குப் போயின. மொத்தமே 64 பைட், அதிலும் 14 பைட் கடிகாரத்துக்கு. இன்றைக்கும் போர்டில் இருக்கிற வட்ட பேட்டரி அந்த ஏற்பாட்டின் வாரிசுதான். புது பார்ட் போட்டுப் பொட்டி முரண்டு பிடித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி வைக்கச் சொல்வது இதனால்தான். பழைய கணக்கை மறந்துவிட்டுப் புதிதாக எண்ணிப் பார்க்கும்.

அதே 1984-ல் ஃபீனிக்ஸ் நிறுவனம் ஐ.பி.எம். பயாஸைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் தன் சொந்த பயாஸை எழுதி மற்ற கம்பெனிகளுக்கு விற்கத் தொடங்கியது. அவார்ட், ஏ.எம்.ஐ. என்று மற்றவர்களும் வந்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாம் பார்ட் பார்ட்டாக வாங்கிப் பொட்டி கட்ட முடிந்ததற்கு இவர்களும் ஒரு காரணம். ஆனால் பீப் சத்தத்துக்கு ஆளாளுக்கு ஓர் அகராதி. அவார்டில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் திரைக் கோளாறு. ஏ.எம்.ஐ.யில் ஒன்று, இரண்டு, மூன்று குட்டை பீப் எல்லாம் மெமரிப் பக்கம். அதனால் உங்கள் போர்டு புத்தகத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் பீப் கணக்கை நம்பாதீர்கள்.

எங்கள் தொழிலிலும் இப்படி உண்டு. ட்ரயல் பேலன்ஸ் இடித்தால், வித்தியாசம் 9-ஆல் வகுபடுகிறதா என்று பார்ப்போம். வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். பிழை எது என்று அது சொல்லாது, எங்கே தேடலாம் என்று சொல்லும். பீப்பும் அப்படித்தான்.

மின்சாரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1999-ல் நான் கம்ப்யூட்டர் சென்டரில் எடுபிடியாக இருந்தபோது அங்கே இருந்தவை பழைய ஏ.டி. வகைப் பொட்டிகள். பவர் சப்ளையிலிருந்து பி8, பி9 என்று ஒரே மாதிரி இரண்டு பிளக் வரும். இடம் மாற்றிச் சொருகினால் போர்டே புகைந்து போகலாம். "கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவுல பக்கத்துப் பக்கத்துல வரணும்டா" என்று சார் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையில் அதெல்லாம் ஒரே 20 பின் பிளக்காக மாறி, தப்பாகச் சொருக முடியாதபடி ஆனது. பவர் பட்டனும் மாறிப்போனது. முன்பு அது நேரடி மெயின் ஸ்விட்ச். ஏ.டி.எக்ஸில் அது போர்டுக்கு அனுப்பும் வெறும் வேண்டுகோள். பட்டனை அணைத்தாலும் போர்டில் 5 வோல்ட் காத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மெமரியைத் தொடும் முன் சுவர் பிளக்கையே பிடுங்குங்கள்.

2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 4 பின்னில் ஒரு 12 வோல்ட் பிளக் சேர்ந்தது. இப்போதெல்லாம் பெரும்பாலும் 8 பின். போர்டின் மூலையில் ஒளிந்திருக்கும். இதை மறந்தால் ஃபேன் ஜம்மென்று சுத்தும், திரை வராது. நான் மறக்கவில்லை. நான் செய்தது வேறு தப்பு.

மெமரியைக் கழற்றி, ஒரே ஒரு குச்சியை மட்டும் புத்தகம் சொன்ன இடத்தில் வைத்து, 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். முதல் தடவை ஒரு பக்கம் சரியாக உட்காரவே இல்லை. ஆன் செய்தேன். டி.டி.ஆர்.5 மெமரி முதல் தடவை தன்னைப் பழக்கிக்கொள்ள சில நிமிஷம் எடுக்கும். அது தெரியாமல் நடுவில் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. பொறுமையாகக் காத்திருந்தேன். விளக்கு அணைந்தது. ஆனால் திரை இன்னும் கறுப்பு!

இங்கேதான் என் தப்பு புரிந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் பிழையும் ஒன்றாக இருக்காது. பேலன்ஸ் டேலி ஆகாதபோது கடைசியாக டேலி ஆன நாளுக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வவுச்சராக டிக் அடித்து வருவோம். இதிலும் அதையே செய்தேன். திரை கேபிளைத் தொட்டுக்கொண்டே போனால், பழைய பழக்கத்தில் அதைப் போர்டில் சொருகியிருக்கிறேன். வாங்கி வந்த பிராசஸரோ பெயர்க் கடைசியில் 'எஃப்' போட்டது. அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. கேபிளைக் கார்டுக்கு மாற்றினேன். படம் வந்தது.

மூன்றாவது ஒன்றும் பாக்கி. பழைய டிஸ்க் பட்டியலில் தெரிந்தது, ஆனால் அதிலிருந்து விண்டோஸ் எழவில்லை. அந்த டிஸ்க் பிரிக்கப்பட்டிருந்த முறை 1983-ல் டாஸ் 2.0 கொண்டுவந்தது. புது போர்டோ பயாஸுக்கு அடுத்து வந்த யூ.இ.எஃப்.ஐ. வழியில் மட்டுமே எழும். இந்த இடத்தில் பதறிப்போய் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அதிலிருந்து எழ முடியாதே தவிர, அதைப் படிக்க முடியும். பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் ஏற்றி, மறுபடி மாட்டினேன். ஃபோல்டர் அப்படியே இருந்தது.

விடியற்காலை நாலரை மணி. தெருவில் முதல் சரம் வெடிக்க ஆரம்பித்திருந்தது. ஃபைலைத் திறந்தேன். முதலில் குக்கர் விசில், அப்புறம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓடுதாடா இது?"

ஓடுதுப்பா.

அன்றைக்கு எண்ணெய்க் குளியலுக்கு முன்பே அதை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைத் தங்கச்சிக்கு கூரியரில் அனுப்பினேன். நீங்களும் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள். பொட்டியை எப்போது வேண்டுமானாலும் சரிபண்ணிக்கொள்ளலாம்.

டிஸ்கி: பவர் சப்ளை டப்பாவை மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும்.