ஸர்ஃக் ஆலோசனை: அவையில் இல்லாத ஓர் அறிவு

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் ‘ஷூரா’ எனும் பெயர் தாங்கியது. ஆலோசனை என்றதும், பலருடைய கருத்தைக் கேட்டுப் பெரும்பான்மையை ஏற்பதே அதன் பொருளென நாம் எண்ணிவிடுகிறோம். ஆயின், பலரிடம் சிதறிக் கிடக்கும் அறிவைத் திரட்டுவதும் ஆலோசனையின் கடமையே. இதனை உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்று உணர்த்துகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்க, இமாம் புகாரி பதிவு செய்துள்ள செய்தி அது.

ஷாம் நோக்கிப் புறப்பட்ட கலீஃபா, ஹிஜாஸின் எல்லையை ஒட்டிய ஸர்ஃக் எனுமிடத்தை அடைந்தார்கள். ஆண்டு ஹிஜ்ரி 17 என்றும் 18 என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அங்கு எதிர்கொண்ட அபூஉபைதா (ரலி) முதலிய தளபதிகள், ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தனர். முன்செல்வதா, திரும்புவதா?

கலீஃபா முதலில் ஆரம்பகால முஹாஜிர்களை அழைத்தார்கள். அவர்கள் கருத்து வேறுபட்டனர். அடுத்து வந்த அன்சாரிகளும் அவ்வாறே. மூன்றாவதாக வந்தோர், மக்கா வெற்றிக் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்கள். அவர்கள் ஒருமித்துத் திரும்பச் சொன்னார்கள். தனித்தனியே கேட்டதால் ஒரு சாராரின் சொல் மற்றவர் வாயை அடைக்கவில்லை.

காலையில் திரும்புவதென அறிவிக்கப்பட்டது. இது இறைவிதியிலிருந்து ஓடுவதாகாதா என அபூஉபைதா (ரலி) வெளிப்படையாகவே வினவினார்கள். பள்ளத்தாக்கின் செழித்த பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் இறைவிதியே என்று கலீஃபா விளக்கினார்கள்.

இத்தனைக்கும் பிறகே, ஏதோ தேவைக்காக வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து சேர்ந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழையலாகாது, அங்கிருப்போர் அதற்கஞ்சி வெளியேறலாகாது என நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்து, திரும்பினார்கள். ஹிஜ்ரி 18இல் (கி.பி. 639) அம்வாஸ் கொள்ளைநோய் அபூஉபைதா (ரலி), முஆத் இப்னு ஜபல் (ரலி) போன்றோரையும் கொண்டு சென்றது.

இங்கு நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. மூன்று அவைகளிலும் அமர்ந்திருந்தோர் நபித்தோழர்கள். எனினும் முடிவான சான்று அவையில் இல்லாத ஒருவரிடமே இருந்தது. அவர் அன்று வந்திராவிடில், அபூஉபைதாவின் ஐயம் பலர் உள்ளத்தில் தங்கியிருக்கும்.

அறிந்தவர் வெளியே இருப்பது ஒரு வகை; உள்ளே இருந்தும் வாய் திறவாதிருப்பது மற்றொரு வகை. பின்னதைக் குறித்து ஸ்டாஸர், டைட்டஸ் எனும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1985இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். குழுவினர் தம் அனைவருக்கும் முன்பே தெரிந்ததையே மீண்டும் மீண்டும் பேசுகின்றனர். ஒருவர் மட்டுமே அறிந்தது பேசப்படாமலே போய்விடுகிறது என்பது அதன் சாரம்.

நம் ஜமாஅத் கூட்டங்களை எண்ணிப் பார்ப்போம். தலைவர் முதலில் தம் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறார், ஏனையோர் தலையசைக்கின்றனர். உண்மை நிலையறிந்தவர் கடைசி வரிசையில் மௌனமாக இருக்கிறார். இதற்குப் பெயர் மஷூராவன்று. துஆ ஓதிக் கலையுமுன், வராதவர் யார், வந்தும் பேசாதவர் யார் என ஒருமுறை கேட்போமாக! முடிவெடுத்த பின்னரும் செவிசாய்த்த உமர் (ரலி) அவர்களின் பண்பை நமக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக!